இடைவேளைக்காரி

கனடாவுக்கு வரும்வரை நான் ஒருநாளும் சேலை கட்டிப் பந்து விளையாடியதில்லை. யாழ்ப்பாணத்தில், அதிபரும் பெற்றோரும் கதிரை போட்டு உட்கார்ந்து பார்க்க, முழங்காலுக்கு மேல் நிற்கும் மடிப்புப் பாவாடையோடுதான் விளையாடினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைச் சேலையால் சுற்றி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தியது ரொறன்ரோதான். அதைச் செய்தவர் ஒரு பழைய கார் வியாபாரி. அவரை நான் மன்னிக்கவில்லை. அவர் செத்துப்போனதாகக் கேள்விப்பட்ட அன்றும் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

நான் விளையாடியது வலைப்பந்து. கூடைப்பந்து இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவள் என்பதால்தான் இவ்வளவும் நடந்தது. வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. பிடித்த இடத்திலேயே நிற்கவேண்டும். மறிக்க வருகிறவள் மூன்று அடி தள்ளி நிற்கவேண்டும். வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. கம்பத்தின் உச்சியில் வெறும் வளையம்தான். பந்து மேலிருந்து நேராக உள்ளே விழவேண்டும். எங்கள் அணியில் கோல் எறிகிறவள் நான். எங்கள் பாடசாலையை மாகாணப் போட்டிவரை கொண்டுபோன கை இது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் அண்ணையோடும் மச்சாளோடும் இருந்தேன். கேக் செய்யும் பக்டரி ஒன்றில் வேலை. விடிய இரண்டு பஸ் மாறிப் போய், பெல்ற்றில் வரும் கேக்குகளைப் பெட்டியில் வைத்து மூடுவேன். பெல்ற்றின் மற்றப் பக்கத்தில் எனக்கு நேரே நின்றவள் ஓர் அமெரிக்கக்காரி. கனடாக்காரன் ஒருவனைக் கட்டி இங்கே குடிவந்தவள். மற்றவர்கள் ஏணி தேடும் தட்டில் அவள் நின்றபடியே பெட்டியை அடுக்குவாள்.

அவள் சம்பளத்துக்குக் கூடைப்பந்து விளையாடியவள். பெண்கள் அப்படி விளையாடினார்கள் என்பதையே நான் அவள் வாயால்தான் முதலில் கேட்டேன். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு லீக் தொடங்கியிருக்கிறார்கள். மூன்று பருவங்கள் நடந்து பிறகு படுத்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவள் அதன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வாள். பனியில் ஒரு வான் வண்டிக்குள் நெருக்கி உட்கார்ந்து ஊர் ஊராகப் போனது, வெறும் கதிரைகளே பார்க்க ஆடியது, இன்று ஒரு முதலாளி நாளைக்கு இன்னொருவர் என்று அணி கைமாறியது. ஒருநாள் பயிற்சிக்குப் போனால் மண்டபம் பூட்டிக் கிடந்ததாம். கேட்டால் அணியே இல்லை என்றார்களாம். அவளுக்கு அதில்கூட அவ்வளவு கோபம் இல்லை. அவள் பல்லைக் கடித்தது வேறொன்றுக்கு. பருவம் தொடங்கமுன் எல்லாப் பெண்களையும் வரிசையாக நிறுத்தி, முகத்துக்கு எப்படிப் பவுடர் பூசுவது, காலை எப்படி மடித்து உட்காருவது என்று வகுப்பு எடுத்தார்களாம்.

"நாங்கள் எப்பிடி விளையாடினம் எண்டு ஒருத்தனும் எழுதேல்லை. நாங்கள் பூசின லிப்ஸ்ரிக் மட்டும் பேப்பரிலை படத்தோட வந்தது" என்றாள்.

அவள் பேசியது ஆங்கிலம். முதலில் சொன்ன கார் வியாபாரி, பிறகு எங்கள் அணியின் முதலாளி, பேசியதும் ஆங்கிலம்தான். ஆனால் இங்கே எல்லாரையும் யாழ்ப்பாணத் தமிழில் பேச வைக்கிறேன். முதலாளிக்கு அந்தத் தகுதி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய ஆங்கிலத்துக்கு முன்னால் எனக்கு அன்று நாக்கு எழும்பவில்லை. இன்றாவது என் பாஷையில் வந்து நிற்கட்டும்.

எண்பத்தைந்து இலை கொட்டும் காலத்தில் இங்கேயும் ஒரு லீக் தொடங்கப்போவதாக அவள் சொன்னாள். இங்கே இருக்கும் பெரிய வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் நாலு அணி. ரொறன்ரோ அணியின் முதலாளி கிங்ஸ்டன் ரோட்டில் பழைய கார் விற்பவர். அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வெறும் கேக் பெட்டியை மூலையில் கிடந்த குப்பைத் தொட்டிக்குள் எறிவதை அவள் பலநாள் பார்த்திருக்கிறாள். "உனக்கும் எறியத் தெரியும். வந்து பார்" என்றாள். அன்றைக்கு எனக்கு இருபத்து மூன்று வயது. கேக் பெட்டி மூடுவதைவிட வேறொன்றும் என்னால் முடியும் என்று இந்த ஊருக்குக் காட்டவேண்டும் என்ற வெறி பிடித்தது. ஒரே ஒரு மச், ஒரே ஒரு போட்டி போதும். இலக்கம் போட்ட சேட்டோடு, விசில் ஊத, ஆட்டக்காரியாக இறங்கவேண்டும்.

தேர்வு நாளில் என் மானம் போனது. பந்து வந்தது, பிடித்தேன், நின்றேன். ஐந்து வருடம் பழகிய கால் அப்படியே தரையில் ஒட்டிக்கொண்டது. பின்னால் ஓடிவந்தவள் என்மேல் மோதி இரண்டு பேரும் விழுந்தோம். அடுத்த தடவையும் அதே. தட்டிக்கொண்டு ஓடு, ஓடு என்று கத்துகிறார்கள். எனக்கு யாராவது விசில் ஊதிப் பிழை சொல்லிவிடுவார்களோ என்று பயம். அரை மணித்தியாலத்துக்குள் என் பெயர் "சிலை" ஆகிவிட்டது. பிறகு எல்லாரையும் பிறீ த்ரோக் கோட்டில் நிறுத்தி எறியச் சொன்னார்கள். எதிரணி தவறு செய்தால் ஒருத்தியைத் தனியே நிறுத்தி, யாரும் மறிக்காமல் எறிய விடுவதுதான் பிறீ த்ரோ. எனக்குச் சிரிப்பு வந்தது. வலைப்பந்தில் எனக்கு எல்லா எறியும் அப்படித்தான். பலகையை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எறிந்ததெல்லாம் வளையத்தின் விளிம்பைக்கூடத் தொடாமல் உள்ளே விழுந்தது. மூலையில் டோனற் சாப்பிட்டுக்கொண்டிருந்த முதலாளி விரலை நக்கிக்கொண்டு எழும்பி வந்தார்.

"எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம். இலங்கை."

"சிலோன்! தேயிலை!" என்றார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "உன்னட்டை அந்த நீள உடுப்பு இருக்கோ? சுத்திக் கட்டுவினமே?" என்று கேட்டார்.

அப்படித்தான் பேச்சு முடிந்தது. அணியோடு பயிற்சி எடுக்கலாம், இலக்கம் போட்ட சேட் தருவார், ஆனால் முதலில் ரொறன்ரோ மண்டபத்தில் நடக்கும் மச் ஒவ்வொன்றிலும் இடைவேளைக்குச் சேலை கட்டிக்கொண்டு ஆடுகளத்தில் நின்று பந்து எறியவேண்டும். பார்க்க வந்தவர்களில் ஒருவர் என்னோடு போட்டிக்கு வருவார். ஆளுக்கு ஐந்து பந்து. என்னை வென்றால் அவருக்கு ஒரு கார். சமமாக எறிந்தால் இல்லை, வெல்லவேண்டும்.

"புது வருசம் முடியட்டும். உன்னை மச்சிலை இறக்குறன். என்ரை வாக்கு" என்று கை தந்தார்.

நான் நம்பினேன். கார் விற்கிறவன் வாக்கு என்று அண்ணை அன்றிரவே சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை.

சேலை கட்ட எனக்குச் சரியாகத் தெரியாது. முதல் மச் அன்று மச்சாள் தன்னுடைய நீலப் பட்டுச் சேலையைத் தந்து, ஊசி ஊசியாகக் குத்தி, கீழே கன்வஸ் சப்பாத்துத் தெரியாமல் இழுத்துவிட்டா. பின்வரிசைக்கும் தெரியவேண்டும் என்று முதலாளி பொட்டை லிப்ஸ்ரிக்கால் தானே பெரிதாக்கினார். அவருடைய கட்டை விரல் என் நெற்றியில் பட்ட அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் முகம் கழுவவேண்டும் போலிருக்கிறது. மண்டப வாசலில் பிறவுண் நிறக் கார் ஒன்று சிவப்பு றிபன் கட்டி நின்றது. விளக்குகள் அணைந்து, ஒரே ஒரு வெளிச்சம் என்மேல் விழ, முதலாளி மைக்கில் தொடங்கினார்.

"சிலோன் காட்டிலையிருந்து வந்த அழகி! கூடைப்பந்து எண்டால் என்ன எண்டே தெரியாதவள்! தேங்காயைக் கிணத்துக்குள்ளை எறிஞ்சு எறிஞ்சு பழகினவள்!"

தேங்காயைக் கிணற்றுக்குள் எறிந்திருந்தால் அம்மா என் முதுகுத்தோலை உரித்திருப்பா. எந்தக் காடு? எங்கள் வீட்டிலிருந்து யாழ்ப்பாண ரவுணுக்குப் பஸ்ஸில் பத்து நிமிடம். விசிலும் நடுவரும் சீமெந்துத் தளமும் வெற்றிக் கேடயமும் பார்த்து வளர்ந்தவளை அந்தாள் ஒரு மூச்சில் காட்டுக்குள் தள்ளிவிட்டார். மண்டபம் கைதட்டியது. நான் எறிந்தேன். ஐந்தும் உள்ளே. என்னோடு போட்டிக்கு வந்த பொடியன் ஒன்றுதான் போட்டான். கார் அசையாமல் நின்றது.

மார்கழி முழுக்க இதுதான் நடந்தது. ஒவ்வொரு மச்சிலும் தேங்காய், கிணறு, காடு. பிறகு அவருடைய காட்டுக்குள் ஒரு புலியும் வந்தது. இடைவேளை முடிந்ததும் நான் ஓடிப்போய்ச் சேலையை உரிந்து, பதினான்காம் இலக்கச் சேட்டையும் காற்சட்டையையும் போட்டுக்கொண்டு வாங்கின் கடைசியில் வந்து உட்காருவேன். யாரும் என்னை எழும்பச் சொல்லவில்லை. பக்டரி முடிந்து அமெரிக்கக்காரி என்னை மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தட்டி ஓடப் பழக்குவாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் அவிழ்ந்தது. ஆனால் பதற்றம் வந்தால் உடனே சிலைதான்.

இதற்கிடையில் எங்கள் ஆட்கள் வாங்கும் பலசரக்குக் கடையில் முதலாளி அடித்த என் சேலைப் போஸ்ரரை யாரோ ஒட்டிவிட்டார்கள். றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போன அன்று ஓர் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டா.

"பிள்ளை, போஸ்ரரிலை பாத்தனான். வெள்ளைக்காரியள் அரைகுறையா நிக்க, நீர் மட்டும் வடிவா சாறியோட. எங்கை போனாலும் எங்கடை பண்பாட்டை விடேல்லை பாரும்."

"அன்ரி, ஊரிலை நான் சாறியோட விளையாடேல்லை."

"அது ஊர்தானே. இஞ்சை எல்லோ நாங்கள் காட்டவேணும்."

ஒரு பக்கம் காரைக் காப்பாற்ற ஒருவர் என்னைச் சேலைக்குள் சுற்றுகிறார். மற்றப் பக்கம் பண்பாட்டைக் காப்பாற்ற இன்னொருவர் அதே சேலையை இறுக்குகிறா. பதினான்காம் இலக்கச் சேட்டைப் பார்க்க இரண்டு பேரும் தயாரில்லை. அன்ரியோடு எனக்குக் கோபம் இல்லை, அவ பாவம். எல்லாக் கோபத்தையும் சேர்த்துக் கட்டி முதலாளியின் பெயரை எழுதி வைத்தேன்.

புது வருடம் முடிந்தது. கேட்டேன். "வாற கிழமை" என்றார். அடுத்த கிழமையும் அதற்கடுத்த கிழமையாகத்தான் இருந்தது. பயிற்சியாளர் சண்டை பிடித்துக்கொண்டு போய்விட, முதலாளியே அந்த இடத்திலும் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் மாசி மாதத்து மச் ஒன்றில், அணியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், ஒருத்திக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. மிஞ்சியது ஐந்து பேரும் வாங்கில் நானும். இரண்டாம் பாதியில் ஒருத்தி அளவுக்கு மிஞ்சித் தவறு செய்து வெளியேற்றப்பட்டாள். களத்தில் நாலு பேர்.

நான் எழும்பிவிட்டேன். சப்பாத்துக் கயிற்றையும் இறுக்கிவிட்டேன். நடுவர் என்னைக் காட்டி முதலாளியிடம் கேட்டார், "உங்களுக்கு இன்னொரு ஆள் இருக்குத்தானே?"

"உதுவோ? உது ஆட்டக்காரி இல்லை. உது ஷோ" என்றார் முதலாளி.

நாலு பேரோடு ஆடித் தோற்றார்கள். வேண்டுமென்றே தோற்றார், என்னை இறக்கமாட்டேன் என்பதற்காகத் தோற்றார். முடிந்தபிறகு நடைபாதையில் அவரை மறித்தேன். ஏன் என்று கேட்டேன்.

"நீ அங்கை போய்ச் சறுக்கி விழுந்தால், பிறகு ஆர் உன்னோட கார் போட்டிக்கு வருவினம்? உன்ரை கை உடைஞ்சால் எனக்கு ஆர் எறியிறது? ரீமிலை ஆக்களை எனக்கு எங்கையும் எடுக்கலாம். உன்னை மாதிரி ஒண்டு கிடைக்காது" என்றார். புகழ்கிறாராம்! முதுகிலும் தட்டிவிட்டுப் போனார்.

ஊரில் இதற்குக் கறுவம் என்று சொல்வார்கள். கோபம் வந்து போவது. கறுவம் வந்து குடியிருப்பது. அன்றிலிருந்து பெல்ற்றில் வந்த ஒவ்வொரு கேக்கிலும் அந்தாளின் முகம்தான் தெரிந்தது. மூடியைக் கொஞ்சம் அழுத்தித்தான் மூடினேன். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அண்ணை அதைத்தான் சொன்னார். ஆனால் நான் போனால் அவருக்கு என்ன நட்டம்? ஒரு கிழமை முணுமுணுத்துவிட்டு வேறு வித்தை தேடியிருப்பார். எனக்கு அவருடைய முகம் விழுவதைப் பார்க்கவேண்டும். மைக் கையில் இருக்க, சனம் பார்க்க விழவேண்டும்.

அப்படி யோசித்த ஒரு பின்னேரம் பஸ்ஸுக்குள் எனக்கு விளங்கியது. அந்தக் காரை முழுப் பனிக்காலமும் காவல் காத்தது நான்தான். ஒருநாள் நான் வளையத்தைத் தவறவிட்டால் போதும்.

யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த மச் பெரிய மச். பேப்பரிலிருந்து படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார். எங்கள் ஆட்களும் வந்தார்கள். அண்ணை, மச்சாள், கோயில் அன்ரி, அவவோடு இன்னும் நாலைந்து பேர், கோட்டுகளைக் கழற்றாமல் பின்வரிசையில். அன்றைக்கென்று மச்சாள் சிவப்புக் காஞ்சிபுரம் சேலை கட்டிவிட்டா.

இடைவேளைக்கு முதலாளி சனத்துக்குள் போய் ஆள் தெரிவு செய்தார். எப்போதும் எறியத் தெரியாதவராகப் பார்த்துத்தான் பிடிப்பார். அன்றைக்குப் பிடித்தது பனிச் சப்பாத்தோடு வந்திருந்த ஒரு பருத்த பெண். ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை என்றாள். அவள் கோட்டைக் கழற்றி முதலாளியின் கையிலேயே கொடுத்துவிட்டு, சட்டைக் கைகளைச் சுருட்டிவிட்டு, காலை அகட்டி வைத்து, இரண்டு கையாலும் பந்தைக் கீழிருந்து மேலே தூக்கிப் போட்டாள். ஐந்தில் மூன்று விழுந்தது. சனம் எழும்பிக் கத்தியது. முதலாளியும் கத்தினார். அவருக்கு என்ன பயம்? நான் இருக்கிறேனே.

என் முறை. தோற்க வந்தவள் நான். பந்தை வாங்கினேன், கை உயர்ந்தது, போனது, உள்ளே விழுந்தது. என் கைமேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. தவறவிடச் சொன்னது நான், கேட்கவில்லை கை. சரி, இரண்டாவதை அந்தப் பலகையில் அடிப்போம், அதுவாவது வெளியே துள்ளும் என்று பலகைக்குக் குறிவைத்தேன். என் வாழ்நாளில் முதன்முதலாகப் பலகையில் எறிந்தது அன்றுதான். பலகை எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. பந்து பலகையில் பட்டு, சாந்தமாகத் திரும்பி, வளையத்துக்குள் இறங்கியது. மண்டபம் அதிர்ந்தது. அமெரிக்கக்காரி வாங்கிலிருந்து வாயைப் பிளந்து பார்த்தாள். நான் அழும் நிலையில் நின்றேன். இரண்டு போட்டாகிவிட்டது, இன்னும் ஒன்று விழுந்தால் சமம், கார் தப்பிவிடும்.

மூன்றாவதை யோசிக்காமல் பாதித் தூரத்தில் போட்டேன். வளையத்துக்குக் கிட்டவும் போகாமல் தரையில் விழுந்து உருண்டது. சனம் "ஓ" என்றது. முதலாளியின் சிரிப்பு வாயில் நின்றது, கண்ணிலிருந்து போய்விட்டது. மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"என்ன செய்யிறாய்?"

"எறியிறன்."

"விளையாடாதை. வாற கிழமை உன்னை இறக்குறன்."

"வாற கிழமையை நான் கனக்கப் பாத்திட்டன்."

"சரி, இண்டைக்கு. இப்பவே. இரண்டாம் பாதியிலை. சத்தியமா."

இவ்வளவு நாளும் நான் கேட்டு நின்றது அந்தச் சொல்லைத்தான். பொய் சொல்லமாட்டேன், பேசாமல் போட்டுவிடலாம் என்றும் ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம், நானாகப் போராடிக் கேட்டபோது கிடைக்காதது ஒரு பழைய காருக்காகக் கிடைக்கிறதே என்று நினைத்தபோது கறுவம் இரண்டு மடங்காகியது.

"மைக்கிலை சொல்லுங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற காரைப் பார்த்தார். மைக்கைத் தூக்கி, சிரித்த முகத்தோடு, "ஒரு விசேஷ செய்தி! எங்கடை சிலோன் அழகி இண்டைக்கு இரண்டாம் பாதியிலை ரீமோட இறங்கிறா!" என்றார். சனம் கைதட்டியது. படம் எடுப்பவர் கிட்ட வந்தார்.

"நன்றி" என்றேன். நாலாவதை வளையத்தின் முன்விளிம்பில் அடித்தேன். வெளியே போனது. முதலாளியின் கழுத்து சிவந்தது. ஐந்தாவதை எறியமுன் அவரைத் திரும்பி நன்றாகப் பார்த்தேன். என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கு முன்னமே தெரியவேண்டும், அது எனக்கு முக்கியம். பிறகு இருந்த பலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பந்தைப் பலகைக்கு மேலால் அனுப்பினேன். பின்னாலிருந்த கதிரைகளுக்குள் விழுந்தது.

லோண்டரிக்காரி கத்திக்கொண்டு ஓடிப்போய்க் காரின் மூடியில் முகத்தை வைத்து அணைத்தாள். முதலாளி பல்லைக் காட்டியபடி கார்த் திறப்பைக் கொடுக்க, படம் எடுத்தார்கள். அந்தப் பல்லைத்தான் நான் பார்க்க வந்தேன். பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. பின்வரிசையில் எங்கள் ஆட்கள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைக்கு இன்றைக்குக் கண் பட்டுவிட்டது என்று அன்ரி சொன்னதாகப் பிறகு மச்சாள் சொன்னா.

உடுப்பு மாற்ற ஓடியபோது முதலாளி வாசலில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"சொன்னால் சொன்னதுதான். முழுப் பாதியும் நீ நிக்கிறாய். ஒரு நிமிசமும் எடுக்கமாட்டன். சனம் உன்னை வடிவாப் பாக்கட்டும்."

பதினான்காம் இலக்கத்தோடு களத்துக்கு வந்தேன். அமெரிக்கக்காரி காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"உன்னை நாறடிக்கத்தான் இறக்கிறான்."

"தெரியும்."

"பந்து தரட்டோ?"

"தா."

விசில் ஊதியது. முதல் பந்து வந்தது, பிடித்தேன், நின்றேன். சிலை. எதிரணிக்காரி என் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினாள். சனம் சிரித்தது. இரண்டாவதைத் தட்டினேன், என் சப்பாத்தில் பட்டு வெளியே போனது. இன்னும் சிரிப்பு. காரைத் தோற்றவள், இப்போது பந்தையும் தோற்கிறாள். எங்கள் அணி முன்னுக்கு நின்றது, மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனது. வாங்கில் இருந்த பெண்கள் முதலாளியைக் கெஞ்சினார்கள். அவர் காலுக்குமேல் கால் போட்டுக்கொண்டு தலையாட்டினார். அணி தோற்றாலும் பரவாயில்லை, நான் நாறவேண்டும். அந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர் ஆட்கள்.

ஆனால் அந்தாளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பழிவாங்குவதாக நினைத்து அவர் எனக்குத் தந்தது முழுதாக இருபது நிமிடம். முழங்காலில் தோல் போனது. வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. நான் ஓடினேன், விழுந்தேன், கத்தினேன், கேட்டேன், பறித்தேன். ஒருதடவை பிடித்து நின்ற இடத்தில் ஒருத்தி பின்னாலிருந்து என்னை இடித்துத் தள்ளினாள். நடுவர் எனக்கு இரண்டு பிறீ த்ரோ தந்தார். சேலை இல்லை, தேங்காய் இல்லை, மைக் இல்லை. இரண்டையும் போட்டேன். புள்ளிப் பலகையில் அந்த இரண்டு புள்ளியும் எங்கள் அணியின் பெயருக்குக் கீழே ஏறின. இன்னும் இரண்டு பந்தை ஓடிப்போய்ப் போட்டேன், மற்றதெல்லாம் பிழைத்தேன். மோசமாக விளையாடினேன். அவ்வளவு மோசமாகவும் அவ்வளவு சந்தோஷமாகவும் நான் எதையும் செய்ததில்லை.

பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். பனி கரைய முன்னமே லீக்கும் படுத்துவிட்டது; நாலு அணியின் பெயரும் இன்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அன்று கடைசி விசிலுக்குப் பிறகு நான் தரையில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து எனக்கு முன்னால் நின்றார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகக் கேட்டார்.

"இப்ப போதுமோ?"

நான் எழும்பி நின்று, அவருக்கு விளங்குகிற ஆங்கிலத்திலேயே, நாக்குத் தடுக்காமல் சொன்னேன்.

"போதாது."